மேல்தட்டில் நின்ற தண்ணீர் பற்றி மகனுக்கு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
புரட்டாதி மாதம்.

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். மருமகளும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். மொட்டை மாடி முழுவதையும் தகரக் கூரையால் மூடிவிடுங்கள் என்று சொல்லி நீ ஆனி மாதம் அனுப்பிய பணத்தை நான் அந்த வேலைக்குச் செலவிடவில்லை. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் வேலை நடக்கிறது என்று மட்டும் சொல்லிவந்தேன். என்ன வேலை, ஏன் அந்த வேலை என்பதை அரைகுறையாகச் சொல்ல மனம் வராததால், எல்லாம் முடிகிற இந்த நேரத்தில் விரிவாக எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த அன்று பின்னேரம் நான் மேலே ஏறினேன். அலமாரியில் கிடந்த வெண்கட்டி ஒன்றை எடுத்துப் போய், நின்ற தண்ணீரின் ஓரத்தைச் சுற்றிக் கோடு கீறினேன். மறுநாள் அதே நேரத்தில் இன்னொரு கோடு, அதற்கு மறுநாள் மூன்றாவது கோடு. தட்டையான கூரையில் மழை விட்டுச் சிறிது நேரம் ஈரம் நிற்பது இயல்புதான். ஆனால் 48 மணி நேரம் கழிந்த பிறகும் தண்ணீர் நின்றால், அதைக் குறைபாடு என்றே கட்டட வேலை தெரிந்தவர்கள் கொள்வார்கள். மூன்றாம் நாள் கீறிய கோடு, உன் அறைக்கு நேர் மேலே, நான்கு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமுமாக வெற்றிலை வடிவில் கிடந்தது. அடிமட்டத்தை நிறுத்திப் பார்த்தேன். நடுவில் மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்று மேல், ஓரத்தில் ஒன்றுமில்லை. சராசரியாக இரண்டு சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் ஒரு லீற்றர். ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஆகவே நீ சின்ன வயதில் படுத்துறங்கிய அறையின் கூரை, மாரி முழுவதும் 240 கிலோ வரையான பாரத்தை, அதாவது கூடிப்போனால் ஐந்து சீமெந்துப் பைகளின் பாரத்தை, இறக்காமல் சுமந்துகொண்டிருந்தது.

பாரம் மட்டும் என்றால் கொங்கிறீட் தாங்கும். ஆனால் ஓயாமல் ஒரே இடத்தில் இருக்கிற பாரத்துக்குக் கொங்கிறீட் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கும். வளைந்தால் பள்ளம் கூடும், பள்ளம் கூடினால் இன்னும் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீர் இன்னும் வளைக்கும். இதற்கு மேலாக நாங்களே செய்த பிழை ஒன்றும் இருந்தது. ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கியை, குழாய் இழுக்க வசதி என்று, சுவருக்கு மேலே வைக்காமல் அறையின் நடுப்பகுதிக்கு மேலே வைத்தோம். நிரம்பிய தாங்கி ஒரு தொன். அதை இப்போது இரண்டு சுவர்கள் சந்திக்கிற மூலைக்கு மாற்றிவிட்டேன்.

உள்ளே என்ன நடந்தது என்பதையும் நீ அறிய வேண்டும். கூரையின் அடிப்பக்கத்தில் முதலில் வெள்ளையாகப் பூத்தது. அது வெறும் பூஞ்சணம் என்று அம்மா துடைத்துவந்தா. உண்மையில், வெடிப்பு வழியாக ஊறிய தண்ணீர் சீமெந்தின் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து வெளியே விடுகிற அடையாளம் அது. பிறகு மண்ணிறக் கறை வந்தது. தை மாதம் ஒரு விடியற்காலையில், கைப்பிடியளவு பூச்சு உன் பழைய மேசையின் மேல் விழுந்தது. விழுந்த இடத்தில் கம்பி தெரிந்தது. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கிறது. அந்த நெருக்கம்தான் கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கடற்காற்றின் உப்பு எட்டாத ஊர் குடாநாட்டில் இல்லை என்பதால், இங்கே இந்தத் துரு விரைவாகவே பரவும். தகரக் கூரை போட்டிருந்தால் மேலே மழை விழாமல் நின்றிருக்கும், உண்மைதான்; அப்படிப் போட்ட வீடுகள் ஊரில் நிறைய இருக்கின்றன, பல நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கம்பியின் துருவையும் கொங்கிறீட் தட்டின் வெடிப்பையும் அப்படியே விட்டு மேலே மூடுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதைப் போன்றது. அதோடு, அம்மா பனாட்டும் புழுக்கொடியலும் மோர் மிளகாயும் காயவைப்பது அந்த வெயிலில்தான். அதை அவவிடமிருந்து பறிக்க எனக்கு விருப்பமில்லை.

காரணத்தைத் தேடியபோது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது, எட்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணம் கொடுத்துச் செய்வித்த திருத்தம். அப்போது வந்தவர்கள் பாசியைச் சுரண்டாமல், பழைய பூச்சைக் கொத்தாமல், அதன் மேலேயே ஒன்றரை அங்குலம் சாந்து பரப்பிவிட்டுப் போனார்கள். இம்முறை வந்த மேசன் சாந்தகப்பையின் பிடியால் ஒவ்வோர் அடியாகத் தட்டிக்கொண்டு போனார். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் வெறுங்குடத்தைத் தட்டிய ஓசை கேட்டது. பூச்சு தட்டோடு ஒட்டவே இல்லை. இடையில் தண்ணீர் புகுந்து, வெயில் எறித்த நாட்களிலும் வெளியேறாமல் கிடந்திருக்கிறது. இருந்த ஒரேயொரு வடிகால் வாயைப் பார்த்தபோது இன்னும் திகைத்தேன். குழாயைச் சுற்றி, வயலுக்கு வரம்பு கட்டியதைப் போல, அரை அங்குல உயரத்துக்குச் சாந்தை அப்பியிருந்தார்கள். தண்ணீர் அந்த வரம்பைத் தாண்டினால்தான் கீழே இறங்க முடியும். எட்டு மாரிகளாக அந்த அரை அங்குலம் என் கண்ணில் படவில்லை. 2008 கார்த்திகையில் நிஷா புயலின்போது முற்றம் குளமாகி நாங்கள் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். அதன் பிறகு முற்றத்துத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிய நான், தலைக்கு மேலே நின்ற தண்ணீரை ஏறிப் பார்க்கவில்லை.

திருத்துகிறபோது எல்லோரும் சொன்ன முதல் யோசனை, பள்ளத்தைச் சாந்தால் நிரப்பி மட்டப்படுத்துவது. நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒரே அளவு சாந்து தண்ணீரைப்போல இரண்டு மடங்கு பாரம். ஒரு அங்குலத் தடிப்புக்குச் சதுர மீற்றருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் வரும். தண்ணீராவது வெயிலில் வற்றும், சாந்து ஒருநாளும் வற்றாது. ஏற்கெனவே வளைந்த தட்டுக்கு நிரந்தரப் பாரம் ஏற்றுவதைவிட, தண்ணீர் எங்கே போய் நிற்க விரும்புகிறதோ அங்கேயே அதற்கு ஒரு வாய் திறந்துவிடுவதுதான் முறை. எனவே பள்ளத்தில், கம்பியை வெட்டாத இடமாகப் பார்த்து ஒரு புதிய வடிகாலும், வடக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வைத்தோம். பழையதோடு சேர்த்து மூன்று. எல்லாம் நான்கு அங்குலக் குழாய்கள். ஒவ்வொரு வாயையும் சுற்றியுள்ள தளத்தைவிட அரை அங்குலம் தாழ்த்தியே பதித்தோம்.

வடிகால்கள் மூன்றானதால் தண்ணீர் ஓட வேண்டிய தூரம் குறைந்தது; அதனால் சாய்வுக்கான சாந்தும் குறைந்தது. 80க்கு 1 என்ற சாய்வை வைத்தோம். ஐந்து மீற்றர் தூரம் ஓட வேண்டியிருந்தால் ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் ஏற்றியிருக்க வேண்டும். மூன்று மீற்றரானபடியால் நான்குக்குள் முடிந்தது. பழைய பூச்சு முழுவதையும் கொத்தி இறக்கியதால், மொத்தத்தில் தட்டின் மேல் பாரம் பெரிதாகக் கூடவில்லை. சாய்வைக் கண்ணால் நம்பாமல், ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி, மீற்றருக்கு மீற்றர் மட்டம் பார்த்துக் குறியிட்டோம். மேசன் பொறுமையான மனிதர். நான் மூன்றாம் முறையும் மட்டம் பார்க்கச் சொன்னபோதும் முகம் சுளிக்கவில்லை.

கீழ்ப்பக்கத்தில் உதிர்ந்த கொங்கிறீட்டை நல்ல பகுதி வரும் வரை கொத்தி, கம்பியை இரும்புத் தூரிகையால் மினுங்கும்வரை தேய்த்து, துருத் தடுப்புப் பூசி, அதற்குரிய சாந்தால் அடைத்தார்கள். மேலே வெடிப்புகளை உளியால் அகலத் திறந்து நிரப்பினார்கள். தட்டைக் கழுவி, ஈரம் காயுமுன் சீமெந்துப் பால் தேய்த்து, அதன் மேல்தான் ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையில், தண்ணீர் புகாமைக்கான மருந்து சேர்த்துச் சாய்வுப் பூச்சுப் போட்டார்கள். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு, வெயிலேறுமுன் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை நானே தண்ணீர் தெளித்தேன். கைப்பிடிச் சுவரும் தளமும் சந்திக்கிற மூலையைச் செங்குத்தாக விடாமல் சரிவாக உருட்டி, காய்ந்தபின் இழைவலையை இடையில் வைத்து, இழுபடக்கூடிய தண்ணீர்த் தடைப் பூச்சை இரண்டு முறை பூசி, அதைச் சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றினோம். ஒழுக்குப் பெரும்பாலும் தொடங்குவது அந்த மூலையில்தான். எங்கள் வெயிலில் தட்டு விரிவதும், திடீர் மழையில் சுருங்குவதும் அங்கேதான் முதலில் வெடிப்பாகத் தெரியும். பூச்சு வெள்ளை நிறம் என்பதால் அறையில் சூடும் சற்றுக் குறைந்திருப்பதாக அம்மா சொல்கிறா.

இனி, வராமல் தடுக்கிற காரியம். ஐப்பசி பிறக்குமுன் மேலே ஏறி வேப்பஞ்சருகையும் மாவிலையையும் கூட்டி அள்ளுவது என் பொறுப்பு; மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருமுறை பார்ப்பதும் அப்படியே. வாய்களுக்குத் தட்டையான சல்லடை போடவில்லை. ஒரு இலை விழுந்தாலும் அது மூடிக்கொள்ளும். மணி போல மேலெழும்பிய மூடி போட்டிருக்கிறோம். அதையும் மீறி எல்லாம் அடைத்துவிட்டால், தண்ணீர் இரண்டு அங்குலம் ஏறியதும் தானாக வெளியே கொட்டும்படி கைப்பிடிச் சுவரில் இரண்டு துவாரங்கள் விட்டிருக்கிறோம். முற்றத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டால், வடிகாலில் ஏதோ அடைத்திருக்கிறது என்று எங்களுக்கு விளங்கும். போன மார்கழியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மேலே ஏறி, அந்த வெற்றிலைப் பள்ளத்தில் நுளம்புக் குடம்பிகளைக் காட்டியபோது நான் தலைகுனிந்து நின்றேன். டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஒரு கிழமை, பத்து நாளில் பறக்கும். பேரப்பிள்ளைகள் வந்து நிற்கிற மார்கழியில் அது நம் கூரையில் நடக்கக் கூடாது.

மூன்று குழாய்களையும் ஒன்றாக்கி, கிணற்றடியிலிருந்து சற்றுத் தள்ளி, சரளைக்கல் நிரப்பிய குழி ஒன்றுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். இந்தத் தட்டு நூறு சதுர மீற்றர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை என்றால் ஓர் இலட்சத்து இருபதாயிரம் லீற்றர். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்த மண்ணில், சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிற மழைதான் நாங்கள் குடிக்கிற தண்ணீர். உன் அப்பப்பாவின் நாற்சார் வீட்டில், ஓட்டில் விழுந்த மழை பீலி வழியாக முற்றத்துக்கு இறங்கி, அந்த நிமிடமே வெளியேறிவிடும். நாங்கள் தட்டைக் கூரைக்கு மாறியபோது இதைத்தான் மறந்தோம்.

நேற்றுப் பின்னேரம் ஐந்து மணிக்கு மூன்று வாய்களையும் அடைத்து, கிணற்றிலிருந்து மோட்டாரால் இறைத்து, தளத்தின் தாழ்ந்த பக்கங்களில் ஒரு அங்குலத் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். இப்போது மறுநாள் மத்தியானம் இரண்டு மணி. உன் அறையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். மேலே பார்க்கிறேன், கூரை உலர்ந்தே இருக்கிறது. ஐந்து மணிக்கு அடைப்பை எடுத்து, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துவைப்பேன். எங்காவது தேங்கினால் வெண்கட்டியால் கோடு கீறிப் படம் எடுத்து அனுப்புகிறேன். மேசனுக்குக் கொடுக்க வேண்டிய கடைசிக் கூலியை அதுவரை நிறுத்தியிருக்கிறேன். அவருக்கும் அது சம்மதம். மீதிப் பணத்தின் கணக்குத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா