பேட்டரி போனால் போனே போக வேண்டுமா?

ஸ்மார்ட்போன் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். நான்கு வருடமாக ஒரே போனை வைத்திருக்கிறேன். திரையில் ஒரு கீறல் இல்லை. கேமரா நன்றாகவே எடுக்கிறது, பேச்சும் தெளிவாகக் கேட்கிறது. கெட்டுப்போனது பேட்டரி ஒன்றுதான். காலையில் 100 சதவீதம் காட்டுகிறது, மதியத்தைத் தாண்டுவதில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 25 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்துபோவதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மாவை இரவில் மருத்துவமனையில் சேர்த்தபோது அதுதான் நடந்தது. பணம் கட்டப் போனை எடுத்தேன், ஓடிபி வருவதற்குள் திரை கறுத்துவிட்டது. தம்பியைக் கூப்பிடலாம் என்றால் அவன் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. முன்பெல்லாம் பத்து எண்களாவது நினைவில் இருக்கும். இப்போது எல்லாவற்றையும் உங்கள் கருவியிடம் ஒப்படைத்துவிட்டோம். அருகில் இருந்த ஒருவர் சார்ஜர் கொடுத்தார், அது வேலை செய்து போன் உயிர்பெறும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

25 சதவீதத்தில் ஏன் அணைகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதாக ஆக அதன் உள்மின்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதற்கு உள்ளேயே இருக்கும் தடை, கூடுகிறது. கேமரா, டார்ச் என்று ஒரேயடியாக மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது, போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துகொள்கிறது. தேய்வது அந்தப் பொருளின் இயல்பு, அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. தேயும் என்று நன்றாகத் தெரிந்த ஒரு பாகத்தை, பசை போட்டு ஒட்டி, எங்கள் கைக்கு எட்டாமல் உள்ளே வைத்து மூடுகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். "சூடு காட்டித்தான் பின்பக்கத்தைப் பிரிக்கணும். பிரிக்கும்போது டிஸ்ப்ளே போனா நாங்க பொறுப்பில்லை. பேசாம புதுசு வாங்கிடுங்க" என்றார் அங்கிருந்தவர். நல்ல மனிதர்தான், எனக்காக வருத்தப்பட்டே சொன்னார்.

தண்ணீர் புகாமல் இருக்கப் பசை தேவை என்பீர்கள். 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5ஐ நினைத்துப் பாருங்கள். நகத்தால் நெம்பினால் பின்மூடி கழன்று வரும், பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். அப்படி இருந்தும் ஐபி67 தரச் சான்று பெற்றிருந்தது. அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். அன்று முடிந்தது, இன்று இத்தனை வளர்ச்சிக்குப் பிறகு முடியாதா?

சட்டம் வந்தால் உங்களால் முடிகிறது என்பதும் தெரிகிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களின் பேட்டரி 800 முறை முழுதாகச் சார்ஜ் ஆகி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு வருடத்துக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். அந்த விதி எட்டாத நாடுகளில் இருப்பவர்களும் அதே ஓடிபிக்காகத்தான் காத்திருக்கிறோம். எங்களுக்கும் அதையே கொடுங்கள்.

அப்டேட் விஷயத்திலும் இதே கதைதான். போனின் மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம், எந்த வருடம்வரை வரும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். கூகுள் 2023இல் தன் பிக்சல் 8 போனுக்கு ஏழு வருடம் அப்டேட் தருவதாக அறிவித்தது. விலை குறைந்த போன் வாங்குபவருக்கும் வங்கிக் கணக்கு போனுக்குள்ளேதான் இருக்கிறது.

"புதுசு வாங்குங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். புதுப் போனுக்கு மாறுவது வீடு மாறுவதைப் போல. ஒவ்வொரு வங்கி ஆப்பிலும் மறுபடி பதிவு செய்ய வேண்டும், எங்கோ ஒரு கடவுச்சொல் மறந்திருக்கும், பழைய உரையாடல்களில் பாதி வந்து சேராது. அப்பா கடைசியாக அனுப்பிய குரல் பதிவு இந்தப் போனில் இருக்கிறது. நகல் எடுத்துவைத்திருக்கிறேன். ஆனாலும் இதில்தான் கேட்கப் பிடிக்கிறது.

அடுத்த மாடலைத் திட்டமிடும் மேசையில், பேட்டரிக்குப் பசை வேண்டாம், நான்கு திருகாணி போதும் என்று உங்களில் ஒருவராவது சொல்லுங்கள். அப்படி ஒரு போன் வந்தால் பத்து வருடம் வைத்துக்கொள்ள நான் தயார்.

அன்புடன்,
பழைய போனை விட மனமில்லாத ஒரு வாடிக்கையாளர்