சிகிச்சை முடிந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரை. ஆனால் இந்த மாதிரிக் கட்டுரைகள் பெரும்பாலும் சிகிச்சை முடிந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அதற்கு அப்புறம் அந்த மனிதர் வேலைக்குத் திரும்புகிறாரே, அந்தக் கதையை அதிகம் யாரும் எழுதுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு என மூன்றையும் முடித்துவிட்டு, மறுபடியும் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்தவள் நான்.

முதல் நாள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க!" அன்பாகத்தான் சொன்னார்கள். முடி முளைத்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. ஆனால் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. பக்லிடாக்செல் போன்ற கீமோ மருந்துகள் நரம்புகளைப் பாதிப்பதால் வரும் மரமரப்பு அது. மருந்தை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட நீடிக்கும். அன்று மேஜையில் கிடந்த ஒரு குண்டூசியை என்னால் எடுக்க முடியவில்லை. கடைசியில் ஒரு தாளால் மேஜை விளிம்புவரை அதைத் தள்ளிக்கொண்டு வந்து உள்ளங்கையில் விழவைத்தேன். யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். இதைப் போய் யாரிடம் சொல்வது?

களைப்பும் அப்படித்தான். சாதாரணக் களைப்பு ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். இது எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்து வரும். அதோடு மறதி. 20 வருடம் கணக்கு எழுதியவள், திரையில் பார்த்த எண்ணைத் தாளில் எழுதக் குனிவதற்குள் தொலைத்துவிடுவேன். 'கீமோ பிரெய்ன்' என்று இதற்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் அபாயம் வாழ்நாள் முழுக்க உண்டு. ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கு அது 5 முதல் 10 வருடம் வரை தொடரும். மூட்டு வலியும் திடீர் உடல் சூடும் அதோடு வரலாம். வெளியே எதுவும் தெரியாது.

என் மேலாளர் நல்லவர். நான் சிரமப்படக்கூடாது என்று, என்னைக் கேட்காமலேயே ஆண்டு இறுதிக் கணக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அன்று வீட்டுக்குப் போய் அழுத மாதிரி சிகிச்சையின்போதுகூட நான் அழவில்லை. ஒரு வாரம் கழித்து, எது முடியும், எதற்கு உதவி வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பேசினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். முதல் மாதம் அரை நாள் வேலை. பிறகு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து. வாய்மொழியாகச் சொல்கிற வேலைகளை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுவார்கள். கவனம் தேவைப்படும் சரிபார்ப்பு எல்லாம் காலையில். ஏசி காற்று நேராக விழும் இடத்திலிருந்து என் நாற்காலியை மாற்றினார்கள். இதற்கெல்லாம் நிறுவனத்துக்குச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மாதத்தில் முழுநேரத்துக்கு வந்துவிட்டேன். ஆண்டு இறுதிக் கணக்கும் என்னிடமே திரும்பி வந்தது.

சரி, எனக்கு நல்ல மேலாளர் வாய்த்தார். வாய்க்காதவர்கள் என்ன செய்வார்கள்? பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, புற்றுநோய் என்று உறுதியான நாளிலிருந்தே ஒருவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவருக்கு ஏற்றபடி வேலையில் நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது நிறுவனத்தின் கடமை. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு 2008-இல் செய்த திருத்தம், நோய் அடங்கியிருக்கும் காலத்துக்கும் சட்டப் பாதுகாப்பு பொருந்தும் என்று தெளிவாக்கியது. ஜெர்மனியில் இருக்கும் ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவரும் ஊழியரும் நிறுவனமும் பேசி, தினமும் சில மணி நேரத்தில் தொடங்கி வாரங்கள் செல்லச் செல்ல நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அந்தக் காலம் முழுவதும் அவர் நோய் விடுப்பில் இருப்பதாகவே கணக்கு. எல்லா நாடுகளிலும் இப்படி இருக்க வேண்டும். மேலாளரின் மனசைப் பொறுத்து அமைகிற விஷயமாக இது இருக்கக்கூடாது.

கீமோ ஏற்றும் அறையில் எனக்குப் பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண் இருந்தார். கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை அவருக்கு. சிகிச்சை முடிந்து திரும்பிப் போனபோது, உட்கார ஒரு ஸ்டூல் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் கேட்டார். 'உனக்கு மட்டும் எப்படித் தருவது' என்று மறுத்துவிட்டார்களாம். மூன்று வாரம் தாக்குப்பிடித்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். வீட்டிலிருந்து வேலை, மின்னஞ்சல் எல்லாம் என்னைப் போன்றவர்களுக்குச் சரி. கடையிலும் ஆலையிலும் நிற்கிறவர்களைப் பற்றி உங்கள் இதழ் அவசியம் எழுத வேண்டும். அவர்களிடமே போய்க் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி