சம்மாட்டி மாமாவின் 16 யூனிட்

பாம்பன்
மே 11

மாப்ளே,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக்கிடக்கிறது. உன் சைக்கிள் அதே இடத்தில்தான் நிற்கிறது, திருடக்கூட ஆள் வரவில்லை.

எழுத உட்கார்ந்தது நம் சம்மாட்டி மாமாவுக்காக. காலையில் 26, ராத்திரி 14 என்று 40 யூனிட் இன்சுலின் போட்டவர், இப்போது மொத்தமே 16தான் போடுகிறார். அதற்கே விடியற்காலையில் வேர்த்துக் கொட்டுகிறதாம். "சுகர் என்னை விட்டு ஓடிப்போச்சுடா" என்று கடற்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீயும் போனில் "சூப்பர் மாமா, அப்படியே விட்டுடாம பாத்துக்கங்க" என்றாயாமே? மெடிக்கல் வைத்திருக்கிறவன் பேசுகிற பேச்சா இது?

சாப்பாடு குறையவில்லை, உடம்பு இளைக்கவில்லை, நடை கூடவில்லை. ஊசி மட்டும் தானாக இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் கிட்னி மேல்தான் விழ வேண்டும்.

கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் ஈரலுக்குப் போகிறது, அங்கேயே ஏறக்குறைய பாதி கழிந்துவிடும். வயிற்றில் குத்துகிற இன்சுலின் அந்த வழியாகப் போவதில்லை. அதைச் சிதைக்கும் வேலையில் பெரும்பங்கு கிட்னி தலையில் விழுகிறது. சின்ன மூலக்கூறு, வடிகட்டியில் சுலபமாக இறங்கிவிடும். அடுத்திருக்கும் நுண்குழாயின் செல்கள் அதை இழுத்துத் துண்டுதுண்டாக்கும். வடிகட்டல் நன்றாகச் சரிந்துவிட்டால், காலையில் போட்டது கழியாமல் ராத்திரி ஊசியோடு சேர்ந்துகொள்ளும். 16 போட்டாலும் உள்ளே அதற்கு மேல் வேலை நடக்கும்.

இத்தோடு போகவில்லை. கிட்னி சர்க்கரை செய்கிற இடமும்தான், இதை நம்மில் பாதிப்பேர் மறந்துவிடுகிறோம். ராப்பட்டினிக்குப் பிறகு ரத்தத்தில் சேரும் புதுச் சர்க்கரையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதன் வெளிப்பகுதி செய்தது, ரத்தத்தில் வரும் லாக்டேட், குளுட்டமின் என்ற பொருட்களை வைத்து. இன்சுலின் அந்த உலையை அடக்கும், அட்ரினலின் கிளறிவிடும். சுகரை ஏற்றுகிற குளுக்ககான் என்ற ஹார்மோன் ஈரலை உலுக்குகிற மாதிரி இதை அசைப்பதில்லை. சுகர் சரியும்போது கைகொடுக்கிற இந்த உலையும், கிட்னி கெட்டால் அணைகிறது. இன்சுலின் தங்குகிறது, சர்க்கரை வரத்து குறைகிறது. விடியற்காலை வேர்வைக்கு வேறென்ன வேண்டும்? பிபிக்கு அவர் போடுகிற அட்டெனலால் மாத்திரை வேறு படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். மிஞ்சுகிற முக்கிய அடையாளம் அந்த வேர்வைதான்.

"ஒன்றுக்கில் சர்க்கரையே இல்லை" என்பது அவருடைய அடுத்த பெருமை. நல்ல கிட்னி ஒரு நாளில் 180 லிட்டர் வடித்து, அதிலிருக்கிற 160, 180 கிராம் சர்க்கரையை அநேகமாக முழுக்கத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ரத்தத்தில் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிந்தும். ஆனால் வடிகிறதே குறைந்துபோனால் சிந்துவதும் குறையும். சுத்தமான ஒன்றுக்கு அவருக்கு நற்சான்று ஆகாது. சுகரின் மூன்று மாத சராசரி காட்டும் HbA1c-யையும் நம்பாதே, கிட்னியால் ரத்தசோகை வந்தால் சிவப்பணு சீக்கிரம் சாகும், எண் பொய்யாகக் குறைந்து வரும்.

கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் ரத்த அளவைத் தனியாகப் பார்த்து ஏமாறாதே. 1.8 என்றால் "கொஞ்சம்தான் கூட" என்பார்கள். அவர் வயது 70, கணக்குப் போட்டால் வடிகட்டல் (eGFR) நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர்தான் வரும். காலை முதல் ஒன்றுக்கில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் வேண்டும், கிராமுக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் கோளாறு. வடிகட்டல் 50க்குக் கீழே என்றால் இன்சுலினில் கால் பங்கு, 10க்குக் கீழே என்றால் பாதி குறைப்பது வழக்கம். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும், மாமா தானே வைத்தியம் பார்க்க வேண்டாம். உன் கடையில் கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை வாங்குகிறாரா? அதை உடனே நிறுத்தச் சொல், கிட்னி கெட்டவருக்கு அது உடம்பிலேயே தேங்கிச் சுகரை அடித்துப் போட்டுவிடும். வலை இழுத்த தோள்வலிக்கு, கிட்னியைக் கெடுக்கிற டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையும் நீதானே கொடுக்கிறாய்? அதற்கும் உனக்குத் தனியாகத் திட்டு உண்டு.

இன்னொன்று. வேர்த்ததும் அத்தை இளநீர் வெட்டுகிறாள். அதில் பொட்டாசியம் அதிகம், கிட்னி நிலவரம் தெரியும் வரை வேண்டாம். சுகர் 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஏறினாலும் ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும், உள்ளே நிற்கிற இன்சுலின் மறுபடி இழுக்கும்.

சனிக்கிழமை ராமநாதபுரம் கூட்டிப்போகிறேன். தடைக்காலம் முடிந்தால் ஆள் கரையில் நிற்க மாட்டார், அவர் கேட்பதும் உன் பேச்சைத்தான். வெள்ளி ராத்திரி போன் போட்டுவிடு. சாயல்குடி கல்யாணத்துக் கதையை மட்டும் எடுக்காதே, கோபத்தில் வரமாட்டேன் என்றுவிடுவார்.

உன்
கூட்டாளி