தொடுவதற்கு முன் கேட்க வைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள குடியிருப்புவாசிகளுக்கு,

கொரோனாவுக்காக ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் போட்ட முழு ஊரடங்கில் மளிகையும் மருந்தும் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு ஏற்கெனவே நன்றி சொல்லியாயிற்று. போலி மின்னஞ்சல், போன் மோசடிகளில் நாம் சிக்காமல் இருக்க வெளியில் தெரியாத வேலை செய்த மூவர் பாக்கி இருக்கிறார்கள்.

முதலில் பி பிளாக் தங்கை. ஊரடங்கு தொடங்கிய அன்றே, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் எச்சரிக்கை விட்டது. டெல்லி, மும்பை, ஐதராபாத், சென்னை, அகமதாபாத் மக்களுக்கு இலவச கொரோனா பரிசோதனை என்று 21ஆம் தேதியிலிருந்து போலி மின்னஞ்சல்கள் வரலாம். 20 லட்சம் முகவரிகள் தங்களிடம் இருப்பதாக மோசடிக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள் என்றது அது. ஊரே பயந்துபோயிருந்த நேரம். இலவசப் பரிசோதனை என்றால் யாருக்குத்தான் கை போகாது? தங்கை அதைப் பெரிய எழுத்தில், தமிழில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார்.

அதோடு விடவில்லை. பெரியவர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். கம்ப்யூட்டரில் இணைப்பின் மேல் மவுஸைச் சும்மா நிறுத்தினாலே அது எங்கே போகிறது என்று தெரியும். அந்த முகவரியில் தொடக்கத்து 'https://' போக, அடுத்து முதல் சாய்கோடு (/) வரும் இடத்தில் நின்று, பின்னோக்கிப் படிக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு என்றால் அங்கே 'ஹூ டாட் இன்ட்' (who.int) என்று முடிந்திருக்க வேண்டும். அதற்கும் பிறகு வேறொரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் தளம் அந்த வேறொருவருடையது. ஆனால் அனுப்புநர் முகவரியை மட்டும் நம்பாதீர்கள் என்றார். செர்ட்-இன் எடுத்துக்காட்டிய போலி முகவரியே அரசு முகவரி மாதிரி 'ஜிஓவி டாட் இன்' (gov.in) என்றுதான் முடிந்தது. சந்தேகம் வந்தால் மாநகராட்சியையே கேட்டுவிடச் சொன்னார்.

அடுத்து, வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா. மார்ச் கடைசியில் பிரதமரின் கொரோனா நிவாரண நிதியான பிஎம் கேர்ஸ் அறிவிக்கப்பட்ட உடனேயே, ஒரே ஓர் எழுத்து குறைந்த போலி யுபிஐ முகவரி முளைத்த கதையைச் சொல்லி எல்லோரையும் உஷார்ப்படுத்தினார். கடன் தவணையைத் தள்ளிப்போட ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள், அதற்கு ஓடிபி தேவையே இல்லை என்று அவர் சொன்னது பல வீடுகளுக்கு உதவியது.

என் மனதில் முதலிடம் சி பிளாக் பாட்டிக்குத்தான். பரிசோதனைக்குப் பதிவு செய்யச் சொல்லி வந்த ஓர் அஞ்சலைத் தொடாமல் வைத்திருந்து, "இது நிஜமான்னு பாரும்மா" என்று முதல் ஆளாகக் கேட்டவர் அவர். அதற்கு அப்புறம்தான் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டது. சொல்லிக்கொடுப்பதைவிடக் கேட்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டி, உங்களுக்குக் கோடி நன்றி.

தங்கைக்கு ஆன்லைன் வகுப்பு இருக்கும் நேரங்களில் சந்தேகமான அஞ்சல்களை எனக்கு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் போதும், இணைப்போடு ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.

அன்புடன்,
செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்
ஜூலை 2020