அண்ணாச்சி நோட்டும் கணினித் திரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், கணினி கணக்குப் போட்டு முடிவு சொல்லும் முறையான அல்காரிதம் பற்றிய கட்டுரையில், 'நாளை நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது உங்களைவிடக் கணினிக்கு நன்றாகத் தெரியும்' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

போன மாதம் கறவை மாடு வாங்க ஒரு வங்கியில் கடன் கேட்டேன். அலுவலர் நல்ல பிள்ளை, என் மகன் வயது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்பதற்குப் போடும் மதிப்பெண்தான் கிரெடிட் ஸ்கோர்; 300-லிருந்து 900 வரை போகும் அதில் எனக்கு 590. "சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது சார்" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில், நட்டு ஒரு மாதமே ஆன என் பிசானப் பருவ நெற்பயிரை மணல் மூடிவிட்டது. பங்குனியில் கட்ட வேண்டிய தவணையை அடுத்து வந்த கார் பருவ நெல்லை அறுத்துத்தான் கட்டினேன். வட்டியோடு, ஒரு பைசா குறையாமல். பதிவில் தாமதம் இருக்கிறது, வெள்ளம் இல்லை. உரக்கடை அண்ணாச்சி தம் நோட்டில் என் பெயருக்கு நேரே 'பிசான அறுப்புக்கு' என்று எழுதி வைத்திருந்தார். தண்ணீர் வடிந்த வாரமே வயலை வந்து பார்த்துவிட்டு, நான் கேட்காமலே அதை அடித்து 'கார் அறுப்புக்கு' என்று எழுதினார்.

கணினி பார்ப்பது என் பழைய கணக்கையும், என்னைப் போலப் பதிவுள்ள மற்றவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்பதையும்தான். எவரோ கட்டாமல் போனதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? 2020-ல் கொரோனாவால் இங்கிலாந்தில் தேர்வு நடக்காதபோது, பள்ளிகளின் பழைய தேர்ச்சியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பிள்ளைகளுக்கு கிரேடு கொடுத்தார்கள். ஆசிரியர்கள் மதிப்பிட்ட கிரேடுகளில் சுமார் 40 சதவீதம் கீழே இறக்கப்பட்டன. பிள்ளைகள் தெருவுக்கு வந்த பிறகுதான் அரசு வாபஸ் வாங்கியது. தாங்கள் அறியாததா? கட்டுரையில் அதற்கு ஒரு வரி இடம் இல்லையே.

கன்னடியன் கால்வாய்க் கடைமடைக்குத் தண்ணீர் வராதது பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் இடம் இல்லாமல்தான் போயிற்று. முன்பு வந்த நெல்லைப் பக்கத்தையும் நிறுத்திவிட்டீர்கள். 28 வருடமாகத் தங்கள் இதழை வாங்குகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

சரி, ஒன்று மட்டும் செய்யுங்கள். நம் கடன் கணக்கைப் பதிந்து வைக்கும் ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை நம் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை எப்படி வாங்குவது, தவறு இருந்தால் யாருக்கு எழுதுவது என்று கால் பக்கம் போடுங்கள். எங்கள் தெருவிலேயே நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
சேரன்மகாதேவி