பூட்டு மாத்தினியான்னு கேக்கத்தான்

கண்ணு,

பேரனுக்கு முடி வெட்டின போட்டோ வந்துச்சு. மூணு வயசு வரைக்கும் தொங்கிட்டிருந்த சுருட்டையெல்லாம் போய் குட்டித் தொப்பி வச்சதும் அப்படியே உங்க தாத்தா மூஞ்சி, அப்பா போனைக் கீழயே வைக்கல. பின்னாடி ஜன்னல்ல கண்ணாடி இருக்க வேண்டிய இடத்துல அட்டை வச்சு ஒட்டியிருக்கே, பசங்க பந்து விளையாண்டாங்களா? சரி விடு, கண்ணாடின்னா உடையத்தான் செய்யும்.

இந்த வருஷமும் நீ நம்ம ஹபாத் யூத இயக்கத்துப் பெண்கள் மாநாட்டுக்கு வரல. நம்ம குரு ரெப்பேயோட மனைவி ரெபட்சின் ஹாயா முஷ்கா நினைவு நாளை ஒட்டி, உன்னை மாதிரி ஊர் ஊரா தூதரா போன ஷ்லுகா பொண்ணுங்கல்லாம் எங்கெங்கேர்ந்தோ புரூக்ளின் வந்து நம்ம தலைமையகம் 770 வாசல்ல நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க, உன்கூடப் படிச்சவங்க கைக்குழந்தையோட நிக்கறாங்க, என்னைப் பாத்ததும் உன்னைத்தான் கேக்கறாங்க. புள்ளைங்களுக்கு ஜுரம்னு சொன்னேன். நீ சொன்னதத்தான் சொன்னேன். ஜுரம்தானே?

பெருமையாத்தான் பேசினேன், கவலப்படாதே. எல்லாரும் உன் வீட்ட ராபி வீடு, மதகுரு வீடும்பாங்க, ஆனா ராணுவத்துல கடமை முடிச்சுட்டு முதுகுல மூட்டையோட தாய்லாந்து வர்ற இஸ்ரேல் பசங்க மொதல்ல பாக்கறது உன் மூஞ்சியத்தான். வெள்ளிக்கிழமை ஹல்லா ரொட்டிக்கு மாவு பிசையறது நீ, பொண்ணுங்க கையில மெழுகுவத்தி குடுத்து ஆசீர்வாதம் சொல்லித் தர்றது நீ, ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து ஆஸ்பத்திரில கிடக்கறவனுக்கு சூப் எடுத்துட்டுப் போறது நீ, நம்ம மத விதிப்படி அறுத்த கோஷர் கோழி நேரத்துக்கு வரலைன்னா ராத்திரியே மெனுவ மாத்தறதும் நீதான். அதுக்கும் மேல நன்கொடைக்கு போன் போடணும், மாசச் சம்பளம் யாரும் அனுப்பப் போறதில்ல. ரெப்பே புருஷனை மட்டும் அனுப்பல, பொண்டாட்டியையும் தூதராத்தான் அனுப்பினார்னு நானே எத்தனை பேர்கிட்ட பேசியிருக்கேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன், வாசல்ல யார் நிக்கறா? வர்றவங்க பையைப் பாக்க ஆள் இருக்கா? உனக்குப் புடிக்காது, விருந்தாளிய சோதனை போட்டா உள்ள விடுவாங்கன்னு சண்டைக்கு வருவே. ஆபிரகாம் கூடாரத்துக்கு நாலு பக்கமும் வாசல்னு உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான், அதனால எனக்கு வாயில்ல. இருந்தாலும் ராத்திரி பின் கதவைப் பூட்டு. முன் கதவுப் பூட்டையும் மாத்திடு.

உனக்கு ஷபாத் ஓய்வு நாள் இறங்கறப்போ இங்க வெள்ளிக்கிழமை விடியுது. உனக்கு முடியறப்போ எனக்கு இன்னும் நடந்துட்டிருக்கும், போனைத் தொட முடியாது. ரெண்டு ஷபாத்தும் சேர்ந்து ஒன்றரை நாள், நீ எப்படி இருக்கேன்னே தெரியாது. 2008 நவம்பர்ல மும்பை தாக்குதல் செய்தி வந்தப்போ நீ பள்ளிக்கூடப் பொண்ணு, எல்லாரும் உக்காந்து தெஹிலிம் சங்கீதம் சொன்னோமே. நரிமன் ஹவுஸ்ல நம்ம ஹபாத் வீட்ட நடத்தின அந்த ரிவ்காவும் யார் வந்தாலும் சோறு போட்டவதான். 28 வயசுல கொன்னுட்டாங்க. ஆயா சாண்ட்ரா தூக்கிட்டு ஓடி வந்ததால அவ குழந்தை பொழச்சான். 2014ல அந்த வீட்டத் திரும்பத் தொறந்தாங்க, தொறக்கணும்தான், நான் வேணாங்கல. நீ இப்போ அவ வயசத் தாண்டிட்ட.

எதுக்கு இதெல்லாம் எழுதறேன். ஒழுங்கா சாப்பிடறியா, தூங்கறியா? ஒத்தாசைக்கு வந்த பொண்ணுங்க இருக்காங்களா, பயந்துக்கிட்டு ஊருக்குப் போயிட்டாங்களா? பயம்னு ஏன் எழுதினேன்னு தெரியல, இருக்காங்களான்னு மட்டும் சொல்லு. அப்பாவுக்கு முட்டி வலி, தங்கச்சிக்கு வரன் வந்திருக்கு, அதெல்லாம் அப்புறம். பின் கதவு, மறக்காதே.

கேமராவுக்குன்னு கொஞ்சம் பணம் போட்டிருக்கேன், அதுல கோழி வாங்கிடாதே. மாப்பிள்ளைய ஞாயித்துக்கிழமை எனக்கு போன் பண்ணச் சொல்லு. நீ பண்ண வேணாம், நீ எல்லாம் நல்லாருக்கும்மான்னுதான் சொல்லுவே, அவருக்குப் பொய் சொல்ல வராது.

அம்மா