பெற்றோர்களுக்கு ‘மேல் மிசிசிப்பி’யைக் காட்டுங்கள்: பயணக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மூத்தோர் பயணக் குழுவினருக்கு வணக்கம்.

ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அம்மா அப்பாக்களுக்கு நயாகராவையும் நியூயார்க்கையும் காட்டிவிட்டு, அப்புறம் வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறோம். அவர்களுக்கென்றே மிசிசிப்பி ஆற்றில் ஒரு வாரக் கப்பல் பயணம் யோசித்த உங்களுக்கு மனமார்ந்த நன்றி. குழுவில் பெரும்பாலோர் கீழ் மிசிசிப்பியில் போகும் நியூ ஆர்லியன்ஸ்–மெம்பிஸ் வழியை விரும்புவதாக அறிந்தேன். செயின்ட் பாலில் ஏறி செயின்ட் லூயியில் இறங்கும் மேல் மிசிசிப்பி வழியைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

வரப்போகிறவர்களில் பலருக்கு முட்டிவலி. அதிகம் நடக்க முடியாது. ஆகவே மேல்தளத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு கீழ் மிசிசிப்பியின் வெள்ளத் தடுப்புக் கரைகளை இன்னும் உயர்த்திக் கட்டினார்கள். ஊர்களைக் காப்பாற்றும் கரைகள் அவை, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தண்ணீர் இறங்கிக் கிடக்கும் இலையுதிர் காலத்தில் கப்பலிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் மணல்திட்டும் மரவரிசையும்தான். பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் நிறைய வரும். விக்ஸ்பர்க் போர்க்களம், நாட்செஸ் மாளிகைகள், அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் விட்னி தோட்டம் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அவை கரையில் இறங்கி, நடந்து பார்க்கும் இடங்கள். அதற்கு வேன் போதும்.

தண்ணீர் விஷயம் இன்னும் முக்கியம். 2022 அக்டோபரில் கீழ் மிசிசிப்பி வற்றியபோது சரக்குப் படகுகள் வரிசை கட்டி நின்றன, பயணக் கப்பல்களின் திட்டமும் குலைந்தது. மெம்பிஸில் அன்று பதிவான மிகக் குறைந்த நீர்மட்டத்தை அடுத்த ஆண்டே ஆறு முறியடித்தது. நாம் போக நினைப்பதும் அதே மாதத்தில்தான்.

செயின்ட் லூயிக்கு மேலே நிலைமை வேறு. மின்னியாபொலிசிலிருந்து அங்குவரை 29 இடங்களில் அணையும், படகை ஏற்றி இறக்கும் லாக்கும் உண்டு. பெரும்பாலானவை 1930களில் கட்டியவை. ஒவ்வோர் அணையும் தனக்கு மேலே உள்ள தண்ணீரைத் தேக்கி, கப்பல் பாதையில் 9 அடி ஆழத்தைக் காக்கிறது. அதனால் வறண்ட அக்டோபரிலும் இங்கே கப்பல் ஓடுவதற்கு வாய்ப்பு அதிகம். வசந்த காலம்தான் இந்தப் பக்கம் ஆபத்து. 2023 ஏப்ரல், மே மாதங்களில் வந்த வெள்ளத்தில் பல லாக்குகளை மூட வேண்டியிருந்தது. யாராவது தேதியை ஏப்ரலுக்கு மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி காட்சிக்கு வருகிறேன். ரெட் விங் தாண்டியதும் ஆறு விரிந்து பெபின் ஏரியாகிறது, சுமார் 22 மைல் நீளம். சிப்பெவா ஆறு கொண்டுவந்து தள்ளும் மணல் மிசிசிப்பியையே மறித்ததால் உண்டான ஏரி இது. 1922இல் ரால்ஃப் சாமுவெல்சன் என்ற இளைஞர் தண்ணீர்ச் சறுக்கு விளையாட்டை முதன்முதலாகச் செய்து காட்டியதும் இங்கேதான். கீழே வபாஷாவில் கழுகு மையம் இருக்கிறது, வெண்தலைக் கழுகைச் சில அடி தூரத்தில் பார்க்கலாம். அங்கிருந்து லா கிராஸ், டுபியூக் வரை இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், சில 150 மீட்டருக்கும் மேல். சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் பனியாறுகள் தேய்த்துச் சமமாக்கியபோது தப்பித்த பகுதி இது. அக்டோபரில் அந்தச் சரிவுகளில் மேப்பிளும் ஓக்கும் நிறம் மாறி நிற்கும்.

இரு கரையிலும் நெடுஞ்சாலை இருக்கிறதே, காரில் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். காரிலிருந்து ஒரு பக்கத்துக் குன்றுதான் முழுதாகத் தெரியும். நடுவிலுள்ள தீவுகளும் கிளை ஓடைகளும் தண்ணீரில் போனால்தான் கண்ணுக்குப் படும். வபாஷாவிலிருந்து ராக் ஐலண்ட் வரை 261 மைல் நீளத்துக்கு 1924 முதல் இது தேசியக் காட்டுயிர்ப் புகலிடம். வெள்ளைக் கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்குவதைப் பார்க்கலாம்.

லாக்குகளே தனி வேடிக்கை. பம்பு எதுவும் இல்லாமல், புவியீர்ப்பில் வடியும் தண்ணீரோடு கப்பலும் மெல்ல இறங்கும். சோளமும் சோயாவும் ஏற்றிய 15 தட்டைப் படகுகளை ஒன்றாகக் கட்டித் தள்ளிக்கொண்டு போவார்கள், இழுவைப் படகோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 1,200 அடி. பெரும்பாலான லாக்குகள் 600 அடிதான். எனவே தொடரை இரண்டாகப் பிரித்து அனுப்பி, மறுபடி கட்டுவார்கள். காவிரிக் கரையில் விவசாயம் பார்த்துவிட்டு வந்த அப்பாக்கள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

ஓஹையோ ஆற்று வழியும் பட்டியலில் இருக்கிறது. பிட்ஸ்பர்க், சின்சினாட்டி என்று நல்ல நகரங்கள் உண்டு, ஆனால் முதல் பயணத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இந்த வழியில் வைக்கிங், அமெரிக்கன் குரூஸ் லைன்ஸ் இரண்டுமே கப்பல் விடுகின்றன. முன்பணம் கட்டுமுன் மணிவாரியான பயணத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ரெட் விங்கிலிருந்து லா கிராஸ் வரை ஐந்து லாக்குகள், ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும். அந்தத் தூரத்தை இரவில் கடக்கும் கப்பலென்றால் இத்தனை டாலர் கொடுத்துப் போவதில் பொருளே இல்லை. செயின்ட் பாலில் ஏறினால் சிறந்த பகுதி முதல் சில நாட்களிலேயே வந்துவிடும், பெரியவர்கள் களைப்பில்லாமல் பார்ப்பார்கள். எஃபிஜி மவுண்ட்ஸில் கரடி, பறவை வடிவத்தில் பூர்வகுடி மக்கள் எழுப்பிய மண்மேடுகள் அபூர்வமானவை, ஆனால் மேலே ஏறும் பாதை செங்குத்து. முடிந்தவர்கள் மட்டும் போகட்டும். டுபியூக்கில் 1882இலிருந்து ஓடும் குட்டி இழுவை ரயிலில் எல்லோரையும் ஏற்றிவிடலாம். உச்சியிலிருந்து மூன்று மாநிலங்கள் தெரியும்.

சைவச் சாப்பாடு பற்றி வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். முட்டையும் மீனும் சேராத உணவு மூன்று வேளையும் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாக்கெடுப்புக்கு முன் இந்தப் பதில்களை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். நிறுவனத்தோடு பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்